கைகட்டி மேடம்

பயிற்சி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. 'கைகட்டி மேடம்' என்றால்தான் வாசலில் நிற்கும் காவலாளிக்கே ஆள் விளங்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு, வகுப்பில் கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்தச் சொல்லித்தருவது அவர் வேலை. சொல்லித்தருவது என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, அவர் எதையும் சொல்ல மாட்டார். வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். "மேடம், இது வரல," என்று கூப்பிட்டால் பக்கத்தில் வருவார், குனிந்து பார்ப்பார், "ஆமா, வரல," என்பார். அப்புறம் மறுபடி நிமிர்ந்து நின்றுகொள்வார். கூப்பிட்டவருக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

"வாத்தியார் முன்னாடி பிள்ளைங்க கைகட்டி நிக்கிறதப் பாத்திருக்கேன். பிள்ளைங்க முன்னாடி வாத்தியார் கைகட்டி நிக்கிறது இங்க மட்டுந்தான்," என்று எவனோ ஒரு குறும்புக்காரன் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் காதுக்கும் அது எட்டியது. கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அந்தக் கைக்கட்டுக்கு ஒரு காரணம் உண்டு. அவர் புது டீச்சராகப் போன பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, கூடவே ஒருத்தன் வந்தான். கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தான். விரல் அப்படிப் பறந்தது. "இத இங்க தட்டுங்க, அத அங்க இழுங்க, முடிஞ்சுது. ரொம்ப ஈஸி மேடம்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விட்டான். ஈஸிதான், அவனுக்கு. அந்தக் கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தியபடி அறையில் கிடந்தன. பெருக்குகிற அம்மா மட்டும் துணிக்கு மேலே துடைத்துவிட்டுப் போவாள். அந்த ஆத்திரத்தில்தான், என் கையால் இன்னொருத்தர் வேலையைத் தொட மாட்டேன் என்று இவர் முடிவெடுத்தார்.

முதல் நாள் வகுப்பில் அவர் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "இங்க வந்து யாரும் படம் காட்டாதீங்க. செவுத்துல படம் ஓட்டிட்டு நாற்காலியில சாஞ்சுக்கறதுக்குப் பேரு பாடமில்ல. பிள்ளைங்க கைல குடுங்க. அதுங்க தப்புப் பண்ணட்டும். நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க. நிக்கிறதுதான் கஷ்டம், அதத்தான் நான் சொல்லித்தரப் போறேன்."

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கதை சொல்வார். ஒவ்வொரு அணிக்கும் சொல்வார். அந்தக் கதைதான் அவருடைய சொத்து. அதில் வருகிறவள் 'அம்புக்குறி'.

அம்புக்குறி அறிவியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக்கு வந்தவள். ஒல்லியான உடம்பு, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவள் முறை வந்தபோது முன்னால் போய் நின்றாள். மேஜையில் கம்ப்யூட்டர், அவள் முகம் வகுப்பைப் பார்த்து. முதுகுக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுகிறது. முளைவிட்ட அவரைச் செடியின் உயரங்களைத் தட்டி, அதை ஒரு கோட்டுப் படமாக்கிக் காட்ட வேண்டும். தட்டினாள், சரியாகத்தான் தட்டினாள். திடீரென்று கையிலிருந்த மவுஸை இப்படியும் அப்படியும் தேய்த்தாள். தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"மேடம், அம்புக்குறியக் காணோம்."

காணாமல் எங்கே போகும்? புரொஜெக்டர் போட்டதும் கம்ப்யூட்டர் சுவரையும் தன் திரையோடு சேர்த்துக்கொண்டது. இவள் கையை வலப்பக்கம் கொஞ்சம் நீட்டி இழுத்ததில், அம்புக்குறி மேஜைத் திரையைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. அவள் முதுகுக்குப் பின்னால், ஆள் உயரச் சுவரில், அவள் கை அசைய அசைய அது இங்கும் அங்கும் ஓடுகிறது. வகுப்பு முழுக்கப் பார்க்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு ஒட்டுவாரொட்டி இல்லையா, வரிசை வரிசையாகப் பரவியது. முன்வரிசை அம்மா ஒருவர் மனசு கேட்காமல், "பின்னாடி..." என்று வாயெடுத்தார்.

"யாரும் சொல்லக் கூடாது," என்றார் கைகட்டி மேடம். "அவங்களே கண்டுபிடிப்பாங்க."

அவள் கண்டுபிடிக்கவில்லை. மவுஸைத் தேய்த்தாள், தட்டினாள், கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மேடம் கையைப் பிரிக்கவில்லை. மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள், அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது, கணவரின் அக்கா முகத்தைச் சுளித்தார். அவர் இவர்களோடுதான் இருக்கிறார், நாக்கு கொஞ்சம் நீளம்.

"ஏம்மா, ஊருக்கே தெரிஞ்சிருக்கு, அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியல. வாயத் திறந்து ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"உங்களுக்குப் புரியாது, அண்ணி. சொன்னா மறந்துடுவா. தானாத் தெரிஞ்சுக்கிட்டா சாகுற வரைக்கும் மறக்க மாட்டா."

"எனக்கு எங்க புரியப் போகுது! உலகத்துக்கே சொல்லித்தர்ற, உன் புருஷன் இன்னும் ஒரு போட்டோ அனுப்பத் தெரியாம முழிக்கிறான். அவனும் தானாத் தெரிஞ்சுக்கட்டும்னு கையக் கட்டிட்டியாக்கும்."

மறுநாள் காலை அம்புக்குறி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். "மேடம், நான் மறுபடி பண்றேன்," என்றாள். போனாள், தட்டினாள். அம்புக்குறி நழுவியது. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மவுஸை இடப்பக்கம் ஒரு இழுப்பு. ஓடிப்போனது திரும்பி வந்து சேர்ந்தது. இழுத்துவிட்டதும் கோட்டுப் படம் சுவரில் ஏறி நின்றது. வகுப்பு கைதட்டியது. மேடமும் தட்டினார், அந்த அறையில் அவர் கையைப் பிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு நிற்கவில்லை. சில மாதம் கழித்து அவளுடைய பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்தார். பிள்ளைகள் தாங்களே செடியை அளந்து தாங்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் கோடு ஏறிக்கொண்டே வந்து பாதியில் இறங்கியது. "செடி எப்படி டீச்சர் குள்ளமாகும்?" என்று கேட்டாள். அம்புக்குறி அளவுகோலை எடுத்து நீட்டினாள். "நீயே போய் இன்னொரு தடவ அளந்து பாரு." கைகட்டி மேடம் பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். இது என் பிள்ளை, நான் பெறாமல் பெற்ற பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

வருடங்கள் போயின. அம்புக்குறி தேர்வெழுதி மேலே மேலே போனாள். பயிற்சித் திட்டத்துக்கே அதிகாரியாக வந்து உட்கார்ந்தாள். ஒல்லி உடம்பு ஒல்லியாகவே இருந்தது, குரல் மட்டும் மூன்று அறை தாண்டிக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் பேச்சு கிளம்பியது. ஆசிரியர்களை வரவழைத்து, உட்கார வைத்து, நாள்கணக்கில் பயிற்சி தருவது வீண், நல்ல பயிற்சியாளர் ஒருவரைப் படம் பிடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டால் போதும் என்றார்கள். படம் நன்றாக அமைந்தால் இந்த அறை வேண்டாம், மேடம் பழையபடி ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். இல்லையென்றால் அறை இருக்கும். முடிவு அதிகாரி கையில்.

மற்றவர்கள் பயந்தார்கள், மேடம் பயப்படவில்லை. "அங்க உக்காந்திருக்கிறது யாரு? நம்ம அம்புக்குறி. இந்த அறையோட அருமை அவளுக்குத் தெரியாதா? படம் புடிக்கட்டும். நான் எப்படிக் காத்துக்கிட்டு நிக்கிறேன்னு அதுலயே தெரியுமே. இத வெறும் படமா அனுப்ப முடியாதுன்னு அவளே சொல்லுவா." கேமரா முன்னால் நாள் முழுக்க வழக்கம்போலவே வகுப்பெடுத்தார். ஒருத்தர் திணறினார், இவர் நின்றார். இன்னொருத்தர் திருதிருவென்று விழித்தார், இவர் நின்றார். கேமராக்காரன் கொட்டாவி விட்டான்.

படத்தைப் போட்டுக் காட்ட நிலையத்தின் பெரிய கூடத்துக்கு எல்லோரையும் அழைத்தார்கள். மேடம் முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் ஓடியது. ஐயோ, அது யார்? ஆசிரியர் ஒருவர் மவுஸைத் தொடுகிறார், அடுத்த நொடி வேலை முடிந்துவிடுகிறது. இன்னொருவர் 'இது வரல' என்கிறார், அடுத்த நொடி வந்துவிடுகிறது. அவர்கள் திணறியதும் விழித்ததும், இவர் நின்ற நேரம் முழுவதும், மொத்தமாக வெட்டி எறியப்பட்டிருந்தன. மிச்சமிருந்தது சளசளவென்று பேசும் ஒரு அம்மாவும் மந்திரம்போல முடிகிற வேலைகளும். அந்தக் காலத்தில் தேநீர் குடித்துப் போனவனேதான், புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தான். கூடம் கைதட்டியது. "பிரமாதம் மேடம், விறுவிறுன்னு இருக்கு!" என்று கையைக் குலுக்கினார்கள்.

மேடத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"யாரக் கேட்டு வெட்டினீங்க?"

"எத மேடம்?"

"நான் நிக்கிறத."

"அங்க ஒண்ணுமே நடக்கல மேடம். நீங்க சும்மா நிக்கிறீங்க. பாக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க."

"சும்மாவா? ஒண்ணும் நடக்கலையா?" மரியாதை பறந்துபோனது. "அதச் சொல்றது நீயா? உன்ன மனுஷியாக்கினது அந்தச் சும்மா நின்னதுதான்டி! அம்புக்குறியக் காணோம்னு அழுதுக்கிட்டு நின்னியே, நான் சொல்லியிருந்தா இன்னிக்கு இந்த நாற்காலியில இருப்பியா? இத்தன வருஷமா வர்றவங்களுக்கெல்லாம் உன் கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அதிகாரி கதவைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள். குரல் பழைய குரலாகிவிட்டது, பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

"தெரியும் மேடம். சொல்லிக்கிட்டிருக்கீங்கன்னு தெரியும். எங்க போனாலும் 'நீங்கதானே அந்த அம்புக்குறி'ன்னு சிரிக்கிறாங்க. நிறுத்தச் சொல்லணும்னு எத்தனையோ தடவ நினைச்சேன். தைரியம் வரல."

"நல்லாத்தானே சொல்றேன்? நீயாக் கண்டுபிடிச்சேன்னுதானே சொல்றேன்?"

"நானாக் கண்டுபிடிக்கல மேடம். வீட்டுக்குப் போய் அழுதேன். என் தம்பிதான் என்ன ஏதுன்னு கேட்டான். கேட்டுட்டு, 'அக்கா, அது உனக்குப் பின்னாடி சுவத்துல இருந்திருக்கும், திரும்பிப் பாத்தியா'ன்னான். கையப் பிடிச்சு ரெண்டு தடவ செஞ்சு காட்டினான். அவ்வளவுதான். மறுநாள் வந்து செஞ்சேன்."

மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உன் வகுப்புல? அந்தப் பொண்ணுகிட்ட அளவுகோலக் குடுத்தியே? நான் என் கண்ணால பாத்தேனே?"

"குடுத்தேன். அதுக்குப் பதில் செடியில இருந்துச்சு மேடம், எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவ போய்ப் பாக்கலாம். அன்னிக்கு எனக்கு அப்படியா? பதில் என் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுது. வாயெடுத்த ஒருத்தங்களையும் நீங்க அடக்கிட்டீங்க. அது சொல்லித்தர்றது இல்ல மேடம். வேடிக்க பாக்கிறது. நீங்க நின்ன இடத்தையெல்லாம் வெட்டச் சொன்னது நான்தான். அதப் பாக்க என்னால முடியல."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை. கடாவை வளர்த்தது யாரோ ஒரு தம்பி. முகம் தெரியாத அந்தப் பையன் நல்ல மனசோடு கையைப் பிடித்துச் சொன்னதை, தன் சாதனை என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறார். திரும்பி நடந்தபோது அவள்மேல் கோபம் வருகிறது என்று நினைத்தார். அப்படியும் இல்லை. முன்வரிசையில் வாயெடுத்த அந்த அம்மாவின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. இன்னும் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அழுதார்களோ, எவர் எவர் சொல்லிக்கொடுத்தார்களோ, மறுநாள் வந்து இவரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டு போனார்களோ? நாத்தனாரிடம் சொல்லலாமா என்று யோசித்தார். வேண்டாம், அவர்தான் அன்றைக்கே சொன்னாரே.

அறை மூடப்படும் என்று முடிவாகிவிட்டது. கடைசி அணி மட்டும் பாக்கி. மேடம் போனார். முதல் நாள் பேச்சைப் பேசினார், கதையைச் சொல்லவில்லை. வேலையைக் கொடுத்தார். மூன்றாம் மேஜையில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த ஒருவர், தட்டிய எண்களெல்லாம் ஒரே கட்டத்துக்குள் நெரிந்துகொண்டு கிடக்க, கோடு வராமல் திணறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனால் அவரே பிடித்திருப்பார், விரல் சரியான இடத்தைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கிட்டப் போய் அவர் கையை விலக்கிவிட்டு, தானே தட்டிப் பிரித்துப் போட்டார். கோடு வந்தது.

கணக்கு வாத்தியார் திரையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா மேடம்? இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!"