வலப்பக்கக் குழாய்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. வலது கையை நீட்டி, "சுண்டு விரலையும் மோதிர விரலையும் கிள்ளிப் பாருங்க" என்பேன். கிள்ளுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. பதினேழு வருஷம் சுவரைத் துளைக்கும் டிரில் மெஷினைப் பிடித்துப் பிடித்து, அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போன விரல்கள். அந்த இரண்டு விரலில்தான் இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். பேய் நைட் ஷிப்டுக்கு மட்டும்தான் வரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

நான் எலக்ட்ரீஷியன். முப்பது கிலோ கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறுவேன். ஏணி உச்சியில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி அரை மணி நேரம் திருகாணி முடுக்குவேன். ஆனால் பையிலிருந்து ஒரு சின்னத் திருகாணியை எடு என்றால், மூன்றைக் கீழே போட்டுவிட்டு நாலாவதைத்தான் எடுப்பேன். இது சூப்பர்வைசருக்குத் தெரியாது. இது நடந்த நாளுக்கு மறுநாள் காலை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் விரல் விரலாகத் தொடுவார். எந்த விரல் என்று சொல்ல வேண்டும். தப்பினால் கரண்ட் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் முந்தின நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒத்திகை. மனைவி ஒரு ஊக்கோடு வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை.

"எந்த விரல்?"

"நடு விரல்."

"நான் இன்னும் குத்தவே இல்ல."

அன்று மதியம் 1.40. ஏழாவது மாடியில், ஜன்னல் வைக்காத ஓர் அறையில் நான் மட்டும். நாலாவது மாடியில் என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன். சுவருக்குள் பதித்த குழாய் வழியாக அவன் கேபிளைக் கீழிருந்து ஊட்ட வேண்டும், நான் மேலிருந்து இழுக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் போன் எடுக்காது. பேச்செல்லாம் இழுப்பில்தான். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இழு. மூன்று என்றால், கையை எடு.

"மாமா, தூங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

சுவர்ப் பெட்டி தரையோரம், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. குப்புறப் படுத்துக் கையை விட்டால்தான் எட்டும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் இரண்டு குழாய் வாய்கள். எங்களுடையது இடப்பக்கம். தடவிப் பார்த்து, கேபிளைக் கட்டி இழுக்கிற ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டேன். எந்த விரலால் தடவினேன் என்று கேட்காதீர்கள்.

1.52. பன்னிரண்டு மீட்டர் கம்பியும் எங்கும் முட்டாமல் போனது. கீழே கேபிளை அதில் கட்ட வேண்டும். எப்போதும் பத்து நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்தில் இரண்டு இழுப்பு வந்தது.

மாப்பிள்ளைக்கு இன்று புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இழுத்தேன். வெண்ணெய் போல வந்தது. அவன் ஊட்டினால் முட்டி மோதி வரும். கூடவே குழாய் வழியாக ஏதாவது பாட்டும் வரும். இன்று பாட்டு இல்லை. தூண் ஓரமாகக் காதை வைத்தேன். கட்டடத்தின் இரைச்சல்கூட இல்லை...

2.09. கேபிள் தலை காட்டியது. வெயில் கொளுத்தும் மதியத்தில், ஜில்லென்று. இரண்டு மீட்டர் வெளியே வந்ததும் 'நிறுத்து' என்று ஒரு இழுப்பு இழுக்கப் போனேன். அதற்குள் அதுவே நின்றது.

கட்டை அவிழ்த்து ஸ்பிரிங்கை ஓரமாக வைத்தேன். கேபிள் உள்ளே நழுவாமல் இருக்க, வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் உறைத்தது. முதலில் வந்த அந்த இழுப்பு உள்ளங்கையில் தெரியவில்லை. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும்தான் தெரிந்தது. அந்த இரண்டில் மட்டும்.

பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்துச் சுவரில் பழைய டெம்பரரி லைன் ஒன்று தொங்கியது. ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் பிய்ந்து செம்பு பல்லிளித்தது. அதைக் கழற்ற வேண்டும். 1.30க்கு நானே ஆஃப் செய்த லைன். கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டர் பையில் இருந்தது. எடுக்கச் சோம்பல்.

கையை நீட்டினேன்.

ஒரு இழுப்பு.

நிறுத்தினேன். மறுபடி நீட்டினேன்.

இரண்டு.

மூன்று.

மூன்றாவதில் கை தரையில் போய் அடித்தது. முழங்கை தூணில் இடித்தது. மணிக்கட்டிலிருந்து கேபிள் உருவிக்கொண்டு... சரசரவென்று... புற்றுக்குள் போகும் பாம்பு மாதிரி... போய்விட்டது.

சத்தம் நின்றது.

2.16.

டெஸ்டரை எடுத்துச் செம்பில் வைத்தேன்.

எரிந்தது.

ஆறாவது மாடியில் பூச்சு வேலைக்காரர்கள் வெளிச்சத்துக்காக அந்த லைனின் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். அது பிறகு தெரிந்தது. அப்போது, எரிகிற டெஸ்டரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2.31க்கு மாப்பிள்ளை மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"என்ன மாமா, ஆளை வச்சு வெளையாடுறீங்களா? முக்கால் மணி நேரமா குழாய் வாயையே பாத்துட்டு நிக்கிறேன். ஸ்பிரிங்கே வரல!"

தூணுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இடப்பக்கம் தூசி அப்படியே கெடக்கு. வலப்பக்கத்துல விட்டிருக்கீங்க." என் கையைப் பார்த்தான். குரல் இறங்கியது. "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

இறங்கும்போது வாட்ச்மேனிடம் கேட்டேன், இங்கே வேலையில் யாராவது செத்திருக்கிறார்களா என்று.

"புதுக் கட்டடம்ணே. இனிமேதான்" என்று சிரித்தார்.

யாராவது செத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் ஊசியை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன். "இந்த ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்ல டாக்டர். ஊசியை வீணாக்காதீங்க." என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. மனைவி ரொம்ப நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை ஸ்டோருக்கு வந்தான். சிரிக்கவில்லை.

"மாமா, இன்ஜினியர் வரைபடத்துல அந்த வலப்பக்கக் குழாயே இல்ல. யாரோ மிச்சமான துண்டைச் சொருகிப் பூசிட்டாங்களாம். இன்னிக்கு ஒடைச்சு எடுத்தோம்."

கையில் வைத்திருந்ததை மேஜைமேல் வைத்தான்.

அளந்து பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லை. மறுமுனை வரை உள்ளே சிமென்ட் இறுகிக் கிடந்தது.