ஒரு கடிதத்துக்கு எத்தனை 'சேர்'?

ஊராருக்கு மனு எழுதும் தொழிலில் எழுதுவது சுலபம். எழுதியதை அவர்கள் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் உயிரை வாங்கும். செங்கலடிச் சந்தைக்குப் பக்கத்தில் கணினியும் பிரிண்டரும் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவருக்காகக் கடிதம் எழுதி அவதிப்பட்டவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

ஏழு போதாது

வேலாப்போடியர் படுவான்கரையில் வயல் செய்கிறவர், எழுபது வயது. கதிர் தள்ளும் நேரத்தில் அவருடைய வயல் வட்டைக்கு வாய்க்கால் தண்ணீர் வரவில்லை. அதிகாரிக்கு இங்கிலீஷில் மனு வேண்டும் என்றார். நான்கே வரியில் அடித்துக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் 'சேர்' (Sir) என்ற சொல்லின் உருவம் மட்டும் நன்றாகத் தெரியும். விரலால் தொட்டுத் தேடினார். ஒன்றுதான் இருந்தது. வரிக்கு வரி நுழைத்து ஏழாக்கினேன். அப்போதும் முகம் தெளியவில்லை.

"தம்பி, கையெழுத்துக்கு மேல இடம் சும்மா கிடக்கு. அதிலயும் ஒண்டு போடுங்க."

அகராதி படித்த பலன்

எரிச்சலில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'மூத்தவர்' என்பதுதான் இதன் வேராம். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் அரசரைக் குறித்தது; பிறகு பட்டம் பெற்ற வீரரின் பெயருக்கு முன்னால் ஏறியது; கடைசியில் கடிதத்தில் முகம் தெரியாத எந்த ஆணுக்கும் என்றாகிவிட்டது. நம்மிடம் வாத்தியார், பொலிஸ்காரர், மேசைக்குப் பின்னால் கதிரையில் இருக்கும் எல்லாருமே சேர்.

பதில் வராததால் இரண்டாவது மனுவுக்கு வந்த வேலாப்போடியரிடம் இதைச் சொன்னேன். "அதிகாரிக்கு முப்பது வயதுதான் ஐயா, வேரைப் பார்த்தால் நீங்கள்தான் சேர்." அவர் பதறிப்போய் வாசலைப் பார்த்தார்.

"இதை வெளியில சொல்லிப்போடாதங்க தம்பி. முதல்ல தண்ணி வரட்டும்."

மேடம் வேண்டாம்

இடையில் ஏறாவூர் நெசவுக்காரர் நஸீர் நானா, தறிக்கொட்டிலுக்கு அனுமதி கேட்க வந்தார். அனுமதி தரும் அதிகாரி பெண் என்று அவரேதான் சொன்னார். 'மேடம்' என்று அடித்தேன். வெட்டச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன்.

"மேடம் எண்டு டீச்சர்மாரத்தான் சொல்ற. கையெழுத்து வைக்கிற ஆள் பொம்புளயா இருந்தாலும் சேர்தான் தம்பி."

மனு போன இடம்

பொறுக்க முடியாமல், வேலாப்போடியரின் மனு போன அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் என் சினேகிதனிடம் விசாரித்தேன்.

"மச்சான், எங்க பார்த்தாலும் சேர், சேர் எண்டு கிடந்துச்சு. பாராட்டுக் கடிதமாக்கும் எண்டு வேற கோப்பில போட்டுட்டன்."

நன்றிக் கடிதம்

நிலம் வெடித்த பிறகு வேலாப்போடியர் மனுவை நம்பி இருக்கவில்லை. வாய்க்கால் கட்டு வழியே வந்த அதிகாரியின் ஜீப்பை மறித்து, "மகன், இறங்கி வந்து ஒருக்காப் பாருங்க" என்றாராம். அவரும் இறங்கி வயலுக்குள் நடந்திருக்கிறார். அன்றே தண்ணீர் திறந்தார்கள். மேட்டுக்காணி கருகிவிட்டது, பள்ளக்காணி தப்பியது. கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மனு அடித்து நான் கிழித்தது என்ன? வேலாப்போடியரோ கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நன்றி சொல்லி ஒரு கடிதம் அடிங்க தம்பி. வாய் தவறி மகன் எண்டு சொல்லிப்போட்டன், சேர் கொஞ்சம் கூடப் போடுங்க."

தண்ணீரைக் கொண்டுவந்த சொல்லுக்கு ஒரு பக்கம் மன்னிப்பு அடித்துக் கொடுப்பதுதான், ஐயாமாரே, என் தொழில்.