இருபத்தாறாம் தேதிப் பயம்

பள்ளிக் கரும்பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுவது என் வேலை. டிசம்பர் 26 அரையாண்டு விடுமுறையில் வருவதால் அதை ஒருமுறைகூட எழுதியதில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை. 2003இல் அன்றுதான் ஈரானில் பூகம்பம். 2004இல் அதே நாளில் கடல் எங்கள் கடலூருக்குள் புகுந்து, தெருமுனை வரை வந்து நின்றது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். 2005இலும் ஏதோ வரப்போகிறது என்று உறுதியாக நம்பினேன்.

மனைவிக்கு அப்போது நிறைமாதம். ஜனவரியில்தான் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் 25ஆம் தேதி காலையிலேயே அவளைச் சிதம்பரத்தில் அவள் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"டாக்டரு இங்க இருக்காங்க, நீங்க அங்க இழுக்குறீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "ஃபைல் எங்க?"

அது கடலூர் வீட்டுப் பரணில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் செய்ததுபோல, பட்டா, சர்ட்டிஃபிகேட், ரேஷன் கார்டோடு அதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீர் எட்டாத உயரத்தில் நானேதான் கட்டி வைத்திருந்தேன். கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்களாம். ரிப்போர்ட் வேணும் சார், ஓடுங்க" என்றார் நர்ஸ்.

"சீக்கிரம் வந்துடுங்க, பயமா இருக்கு" என்றாள் மனைவி.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் தயாராக நின்றது. மணி எட்டரை. போன வருடம் தண்ணீர் வந்ததும் ஏறக்குறைய இதே நேரத்தில்தான். ஏறக் கால் வரவில்லை. அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றியபோதும் கால் அசையவில்லை. இன்றும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்காவது பஸ்ஸில்தான் ஏறினேன்.

கடலூரில் ஜனங்கள் இறந்தவர்களுக்காகப் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடல் சும்மா கிடந்தது. பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

சிதம்பரம் சேர்ந்தபோது மணி ஒன்று. அவர்களே மறுபடி ஸ்கேன் எடுத்து, நான் போட வேண்டிய கையெழுத்தை அவள் அக்காவிடம் வாங்கி, ஆபரேஷனை முடித்திருந்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம் என்றார்கள்.

கட்டிலருகே போனேன். மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

"கடலு வந்துச்சா?"

"இல்ல."

"நீங்களும் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.