பெரிய வெள்ளியன்று படகு ஓடாது

இது நடந்தது. மக்தலேனா ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்கும் உபால்தீனாவுக்கு நடந்தது. அவள் வாயால் சொன்னதற்கு மேல் இங்கே ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அவர்களுக்காவது தூக்கம் வரட்டும்.

துப்பாக்கிக்காரர்கள் ஊரை ஆண்ட வருடங்களில் ஆற்றோடு பிணங்கள் வரும். எடுத்துப் புதைத்தால், புதைத்தவர் வீட்டுக்கு இரவில் ஆள் வரும். அதனால் கரை ஒதுங்கியதைக் கழியால் தள்ளி, நீரோட்டத்தில் விட்டுவிடுவார்கள். உபால்தீனாவும் ஒருவனைத் தள்ளினாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தான். அவளுடைய படகுக்கும் படித்துறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் தலை படகில் முட்டியது.

டொக்... டொக்... டொக்...

தள்ளத் தள்ளத் திரும்பி வந்தான். மூன்றாவது முறைதான் போனான்.

அந்த வருடமே மேலாற்று ஊரிலிருந்து நொயெமி வந்தாள். கையில் மகனின் படம். படத்தில் மஞ்சள் சட்டை.

"இந்தப் பையனப் பாத்தியா அக்கா?"

"இல்லம்மா. மீன் சாப்பிடு."

ஒவ்வொரு தவக்காலத்திலும் வந்தாள். அதே முக்காலி, அதே கேள்வி, அதே பதில். உபால்தீனா பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் போய்ச் சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லிட்டே. அந்தத் தாய்கிட்ட?"

"வேற பரிகாரம் குடுங்க சாமி. முட்டி போட்டே குன்று ஏறுறேன்."

"உன் முட்டி என்னம்மா பண்ணுச்சு, பாவம்? பண்ணுனது கை. மறைச்சது வாய். அந்த வாயால சொல்லு."

சொல்லவில்லை. குன்றுதான் ஏறினாள். முட்டி போயிற்று. போன தூக்கம் திரும்பவில்லை.

இந்த வருடம் தவக்காலம் முடியப்போகிறது, நொயெமியைக் காணவில்லை. புனித வியாழன் மாலை படகுக்காரன் எலியேசர் தன் படகைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினான். மறுநாள் பெரிய வெள்ளி. அன்று எவனும் படகு விடமாட்டான். ஆற்றில் காலைக்கூட நனைக்க மாட்டார்கள்.

"என்னக்கா, உன் வாடிக்கைய இந்த வருஷம் காணோம்? மீனு கசந்துபோச்சோ?"

"உன் ஓட்டைப் படகுக்குப் பயந்திருப்பா. போடா."

சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

வெள்ளி மதியம். வெயில் ஆளைத் தின்றது. அடுப்பு மூட்டவில்லை. படித்துறையில் ஈ, காக்கை இல்லை. உபால்தீனா கூரைக் கம்பத்தில் சாய்ந்து கிடந்தாள்.

டொக்... டொக்... டொக்...

கோயில் மரக்கட்டை என்று நினைத்தாள். அன்று மணி அடிக்க மாட்டார்கள், கட்டையைத்தான் தட்டுவார்கள். மூன்று மணி வழிபாடு.

ஆனால் கோயில் முதுகுப் பக்கம்.

சத்தம் எதிரிலிருந்து வந்தது. ஆற்றிலிருந்து.

எட்டிப் பார்த்தாள். படகு அசையவில்லை. தண்ணீர் அசையவில்லை.

திரும்பினாள்.

முக்காலியில் நொயெமி.

பாவாடை ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மீன் இல்லம்மா... அடுப்பு மூட்டல."

"பசிக்கல."

கையில் படம் இல்லை. கேள்வியும் வரவில்லை. அதுதான் பயம். இத்தனை வருடம் கேட்டவள், இன்று கேட்காமல் காத்திருந்தாள்.

டொக்...

"அந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா?"

நொயெமி அவள் வாயையே பார்த்தாள்.

டொக்...

உபால்தீனாவுக்கு ஓடத் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு.

"நான் பாத்தேன், நொயெமி. என் படகுல மாட்டியிருந்தான். உயிர் இல்ல. கழியால தள்ளி விட்டுட்டேன். வேற யாரும் இல்ல. நான்தான்."

"எத்தன தடவ?"

அதை அவள் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"மூணு."

நொயெமி எழுந்தாள். உபால்தீனாவின் நெஞ்சில் கை வைத்தாள். ஆற்றடிச் சேறு போலக் குளிர்ந்த கை. பூசையில் 'என் பாவமே' என்று தட்டிக்கொள்வோமே, அப்படி மெல்லத் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

உபால்தீனா கண்ணை மூடித் திறந்தாள்.

யாரும் இல்லை.

முக்காலி நனைந்திருந்தது.

அன்றிரவு அவள் தூங்கினாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கள், எலியேசரின் முதல் படகில் ஓர் இளம்பெண் வந்து இறங்கினாள். கையில் அதே படம்.

"நான் நொயெமி மக. அம்மா டிசம்பர்லயே தவறிட்டாங்க."

உபால்தீனா கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழம இங்க வந்தாளே..."

"வெள்ளிக்கிழம எவன்க்கா படகு விட்டான்?" என்றான் எலியேசர்.

அந்தப் பெண்ணுக்கு அது காதில் விழவில்லை. படத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "கடைசியா அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க. 'மீன்கார அக்காகிட்ட நீ போய்க் கேளு. மூணு தடவன்னு சொல்லுவா'ன்னு. எது அக்கா மூணு தடவ?"

உபால்தீனா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள்.

"உக்காரும்மா, சொல்றேன்... அந்த முக்காலியில வேணாம். அது இன்னும் காயல."