ஐந்தும் பின்னே, ஒன்று முன்னே

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவே கூடி நின்று ஒரு காரை வழியனுப்பி வைத்தது. கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கார் மட்டும் முறைப்படி நடந்துகொள்ளவில்லை.

அது என் அத்தையின் கார். அப்பாவின் தங்கையான அவள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு சேலையூரில் எங்களோடுதான் இருந்தாள். நகை வாங்குவாள் என்று வீட்டில் எதிர்பார்த்திருந்த நேரத்தில், குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. உட்கார்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொடலாம் போலத் தாழ்வாக இருக்கும். இதில் குடும்பமாக எப்படிப் போவது என்று அப்பா கேட்டார். நான் அந்த இரண்டாவது இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை குடும்பம் நிறைந்துவிட்டது.

அந்தக் காரை விற்றவர் ஆசைப்பட்டு அதற்குள் ஒரு பெரிய எஞ்சினை வைத்திருந்தார். மற்றதெல்லாம் பழைய சின்னக் காரின் சாமான்கள். வந்த சில வாரங்களிலேயே வண்டலூர்ப் பாலத்தில் ஏறும்போது அடியில் யாரோ கல்லை மெல்லுவதுபோல ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் உறுமியது, கார் நின்றுவிட்டது. கியர்பாக்ஸில் பல் போய்விட்டது. அதோடு சேர்ந்து டிஃபரன்ஷியலும் போய்விட்டது. டிஃபரன்ஷியல் என்பது பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் இரும்புக் குடம். எஞ்சினின் பலத்தை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். இதெல்லாம் அந்த வயதிலேயே எனக்கு மனப்பாடம். வாய்ப்பாடுதான் மனப்பாடம் ஆகவில்லை.

காரைச் சரிசெய்ய வந்தவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன். அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த இடமெல்லாம் பிளாட் ஆன பிறகு, மிஞ்சிய துண்டில் பட்டறை போட்டிருந்தார். பிற்பாடு அவரை நான் மாமா என்று கூப்பிடும்படி ஆயிற்று. ஆனால் இது நடந்த காலத்தில் அவர் எனக்கு வெறும் அண்ணன்தான். காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, பழையதைச் சரிசெய்தால் மறுபடி உடையும், பெரிய காரின் ஐந்து கியர் பாக்ஸையும் ஜீப்பின் டிஃபரன்ஷியலையும் வைத்துவிட்டால் இந்த எஞ்சின் என்ன ஆட்டம் போட்டாலும் தாங்கும் என்றார். அத்தை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு இந்தக் காரில் இருந்த ஒரே அக்கறை அது எப்போது முடியும் என்பதுதான். அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாதகம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசும்போதெல்லாம், "கார் வேலை முடியட்டும்ணா, அப்புறம் பாக்கலாம்" என்பாள் அத்தை. ஒருநாள் அப்பா சரி என்று சொல்லிவிட்டு அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கார் ஓடிய மறு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், அத்தை மறுபேச்சுப் பேசக்கூடாது. அத்தையும் தலையாட்டினாள்.

கார் நகர முடியாததால் வேலை எங்கள் வீட்டு ஷெட்டிலேயே நடந்தது. ஞாயிறுதோறும் அண்ணன் வருவார். கியர்பாக்ஸ் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வந்து இறங்கியதற்கு மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் யாரையும் பாடம் படிக்க விடவில்லை. பெரிய பாக்ஸ் உள்ளே நுழைவதற்காக இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த தகரத்தை வெட்டினார்கள். தீப்பொறி தெருவரை பறந்தது. அத்தை நல்ல உடுப்பை மாற்றி, அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடு அடியில் படுத்துவிடுவாள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரியும். பேச்சும் சிரிப்பும் கேட்கும். அப்பா வீட்டில் இருந்தால் அண்ணன் அத்தையை மேடம் என்பார். அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் அந்த மேடம் காணாமல் போய்விடும். இதை நான் கவனித்தேன். ஆனால் எனக்கு கியர்பாக்ஸ்தான் முக்கியம்.

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்ற வேலை மழைக்காலத்தைத் தாண்டியது. பொருத்தியதைக் கழற்றினார்கள், கழற்றியதைப் பொருத்தினார்கள். ஒரு போல்ட் வாங்க பாரிமுனைவரை இரண்டு பேரும் போய் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார்கள். அம்மா டீயைச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

கடைசித் தடங்கல் டிஃபரன்ஷியலில் வந்தது. ஜீப் உயரமானது, எங்கள் கார் குள்ளம். அந்த இரும்புக் குடத்தின் மூக்கு தரைக்கு மிகவும் பக்கத்தில் வந்து நின்றது. கேம்ப் ரோட்டில் இருக்கும் வேகத்தடைகளில் முதலாவதே அதைப் பேர்த்துவிடும். இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அத்தை, இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் மூக்கு மேலே போய்விடாதா என்று கேட்டாள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "செம ஐடியா" என்றார். திருப்பிப் பற்றவைத்தார்கள். மூக்கு மேலே போய்விட்டது. வேகத்தடை பயமும் போய்விட்டது. இவ்வளவு அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கு அப்போது ஒரு விஷயம் எப்படி உறைக்காமல் போயிற்று என்று பிற்பாடு எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இன்றுவரை அவர் பதில் சொன்னதில்லை.

அப்பா நாள் குறித்தார். நல்ல நேரம் வரும்வரை சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு காலை தெருவே எங்கள் வாசலில் இருந்தது. மேல்மாடிகளில் போன்களை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கார் ஷெட்டுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து நின்றது, மாலை போட்டிருந்தது. பூசை முடிந்ததும் கோவளம்வரை போய்வருவது என்று அத்தை எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். காற்றில் முடி பறக்காமல் இருக்க நான் தலையை இறுக்கப் பின்னிக்கொண்டு வந்திருந்தேன். அப்பா தேங்காய் உடைத்தார். அத்தை ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. முதல் கியர் போட்டு எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். கிளட்சை விட்டாள்.

கார் பின்னால் பாய்ந்தது.

எலுமிச்சம்பழங்கள் மட்டும் நசுங்காமல் பிழைத்தன. ஷெட்டின் கோடியில் அம்மா லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம் கவிழ்ந்து, வெள்ளம் காருக்கு அடியிலிருந்து புறப்பட்டு வந்து, வாசல் கோலத்தையும் தேங்காய் ஓட்டையும் அடித்துக்கொண்டு தெருவுக்குப் போனது. கூட்டம் வழிவிட்டது. ரிவர்ஸ் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அத்தை இரண்டாவது கியர் போட்டாள். அதுவும் பின்னாலேயே போய்ச் சுவரை முட்டியது.

அண்ணன் ஈரத்தில் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன்; சிரித்துக்கொண்டிருந்தார்.

"தலகீழா மாட்டுனோமா, சக்கரமும் தலகீழா சுத்துது மேடம். அஞ்சு கியரும் பின்னால போவுது. முன்னால போறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கீது."

"எது?" என்றாள் அத்தை.

"ரிவர்ஸ்."

அத்தை ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுபடி வெட்டிப் பற்றவைக்க இந்தத் தடவை காரே பட்டறைக்குப் போகவேண்டும். இழுத்துப்போக வண்டிக்குச் சொல்லலாம் என்றார் அப்பா. ஒரு கியர் இருக்கும்போது எதற்கு என்றாள் அத்தை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கதவைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டேன்.

ரிவர்ஸ் கியரில் முன்பக்கமாகக் கேம்ப் ரோட்டில் போனதுபோல ஒரு பயணம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. வேகம் மனிதர்கள் நடக்கிற வேகம்தான். ஆனால் எஞ்சின் போட்ட சத்தத்துக்கு விமானமே வானில் ஏறிவிடும். அதோடு, ரிவர்ஸ் கியர் விழுந்தால் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். ஒரு சின்ன ஸ்பீக்கர் குருவி கத்துவதுபோல மெட்டுப் போடும். எனக்குப் பிடிக்கும் என்று அண்ணன்தான் அதை வைத்திருந்தார். அது வழி முழுவதும் நிற்காமல் பாடியது. பின்னால் வந்த ஆட்டோக்களும் பைக்குகளும் விளக்கையும் மெட்டையும் கண்டு, கார் தங்கள்மேல் வரப்போகிறது என்று பயந்து பிரேக் போட்டன. நாங்களோ விலகி விலகி முன்னால் போனோம். எங்களுக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதன் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். அண்ணன் பைக்கில் இருபக்கமும் ஓடி ஓடி, முன்னால்தான் போகிறது, பயப்படாமல் வாருங்கள் என்று கத்திக்கொண்டே வந்தார். நான் இருக்கைமேல் ஏறி நின்று எல்லோருக்கும் கையசைத்தேன்.

முச்சந்தியில் டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். விளக்கைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரிவர்ஸ் போட்டுகினு முன்னால போற?"

"இதுக்கு அப்படித்தான் சார் போகத் தெரியுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மற்ற இரண்டு பக்கத்தையும் நிறுத்திவிட்டு எங்களுக்குக் கையைக் காட்டினார். முச்சந்தி முழுவதும் நிற்க, குருவி பாட, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் திரும்பினோம். கோவளம் போயிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்குமா தெரியாது.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைத்ததும் திடீரென்று காது அடைத்தது போலிருந்தது. அண்ணன் வந்து கதவைத் திறந்தார். அவர் உடையெல்லாம் சேறு. அவரும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாகும் என்று நான்தான் கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றவேண்டும், சின்ன மூக்குள்ள வேறு டிஃபரன்ஷியல் தேடவேண்டும் என்று ஆரம்பித்தார் அவர்.

"மூணு வாரம் ஆவும். அவசரம் இல்லன்னா மூணு மாசம்."

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள் அத்தை.

எனக்கு அழுகை வந்தது. ஆசையாக வாங்கிய கார் ஓடவில்லை என்றால் யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா? இவ்வளவு நாள் பட்ட பாடு இவர்களுக்கு உறைக்கவே இல்லையா? வீடு திரும்பும்போது ஆட்டோவில் அத்தையோடு பேசவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தெருவைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

மாலையில் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் பண்ணுவதற்காகக் கையில் போனை வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, கார் எப்போது வருமாம் என்று கேட்டார். மனக்குறையைக் கொட்ட ஓர் ஆள் கிடைத்ததே என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதம் ஆகுமாம் என்றும் சொன்னேன்.

"அதுக்கு அத்த என்ன சொன்னா?"

"அவசரம் இல்லையாம். சிரிக்கறா."

அப்பா உள்ளறைப் பக்கம் பார்த்தார். அத்தை அங்கே போனில் தாழ்ந்த குரலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா தன் கையிலிருந்த போனை மெதுவாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இந்த வீட்டில் காரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள் அப்பா, அந்த அண்ணன் எப்படியும் முடித்துவிடுவார் என்று ஆறுதல் சொன்னேன்.