மூன்றாம் பாகம்

உமையம்மாள் குளத்தூரை விட்டுப் போனது கொல்லம் ஆண்டு 1092, கும்ப மாதத்து ஒரு திங்கட்கிழமை. ஊரில் அம்மை என்று பேச்சு கிளம்பியதுமே, கச்சேரி குமஸ்தாவான அவள் அப்பா சொக்கநாதபிள்ளை மகளை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒற்றசேகரமங்கலத்தில் அவருடைய அக்காள் வீடு இருந்தது. பத்து வயதுக்காரி வண்டிக்குப் பின்னால் தலையை நீட்டிக் கத்தினாள்:

"அக்கா, மூணாம் பாகம் எனக்கக் கையிலாக்கும்! சனிக்கிழமை நாலாம் பாகத்த ஆரு கொண்டு வருவா?"

வழியோரம் நின்ற கிருபாபாய் சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

கிருபாபாய்க்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மிஷன் சபை வைத்திருந்த ஊழியக்காரி. பாடப்புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு கதைப்புத்தகம். படகோடு கடலில் வழிதவறிப் போன ஒரு பெண்ணின் கதை. அதை ஆறு துண்டாக வெட்டி, நூலால் தைத்து, ஆறு வீட்டில் கொடுத்தாள். சனிக்கிழமை தோறும் துண்டுகள் வீடு மாறும். எங்கே நெஞ்சு திக்கென்னுமோ, அங்கே பார்த்துத்தான் வெட்டியிருந்தாள். அதன்பிறகு பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே வாசலில் வந்து நின்றார்கள்.

வண்டி போன மறுநாள், சொர்ணம்மாள் என்ற பிள்ளையின் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. போன சனிக்கிழமை வரை மூன்றாம் பாகம் இருந்தது அந்த வீட்டில்தான்.

"காய்ச்சல்லயும் அதை விடல்ல மக்கா," என்று உள்ளேயிருந்து தாய் அழுதாள். "தலைமாட்டிலதான் கெடந்து."

அங்கிருந்து எடுத்து உமை கையில் கொடுத்தவள் கிருபாபாயேதான். உமைக்கு அம்மைத்தடுப்பும் குத்தியதில்லை. அம்மனுக்கு ஆகாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

சொன்னால் ஆறு வீட்டுக் கதவும் அடைபடும். சொல்லாவிட்டால்? ஒரு முடுக்குத் தெருவைக் கடப்பதற்குள் மனசு பத்துத் தடவை மாறியது. கடைசியில் நடந்தாள். ஒற்றசேகரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"உள்ள வரல்ல பிள்ளைவாள்," என்றாள் படலுக்கு வெளியே நின்று. "அந்தப் புஸ்தகம் அம்மை கண்ட வீட்டிலிருந்து வந்ததாக்கும். நாந்தான் கொண்டு குடுத்தேன்."

சொக்கநாதபிள்ளை இரண்டு கம்பால் மகளின் மடியிலிருந்து புத்தகத்தை நெம்பி எடுத்தார்.

"அப்பா, ஒரு தாளு பாக்கி உண்டு! ஒரே ஒரு தாளு!"

தேங்காய்த் தொண்டு எரிந்துகொண்டிருந்த குழிக்குள் அது விழுந்தது.

"நீ படிப்பிச்சது மதி, போதும்," என்றார் அவர். "எனக்க மொவளுக்கு ஒரு கொப்புளம் பொங்கட்டும், பொறவு நீ இந்தத் தாலுக்காவில இருக்கப்பிடாது."

பதினாலு நாள் தாண்ட வேண்டும் என்பார்கள். கிருபாபாய் சுவரில் கரிக்கோடு போட்டாள். ஒற்றசேகரமங்கலம் இருந்த கிழக்குத் திசையிலிருந்து யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே. சொர்ணம்மாள் தழும்போடு பிழைத்து எழுந்தாள். பதினாலாவது கோடும் விழுந்தது. கிழக்கிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சொக்கநாதபிள்ளைக்கு வடக்கே மாற்றலாகி, குடும்பம் அப்படியே போய்விட்டது என்று மட்டும் காதில் விழுந்தது. குடும்பம் என்றால் எத்தனை பேர்? அதை அவள் கேட்கவில்லை.

புத்தகச் செய்தி பரவியதும் மூன்று வீடு கதவைச் சாத்தியது; மூன்று வீடு சாத்தவில்லை. புதுப்பிள்ளைகள் இரண்டாம் பாகத்திலிருந்து நாலாம் பாகத்துக்குத் தாவினார்கள். "நடுவில உள்ளது எங்க அக்கா?" என்று யாராவது கேட்டால், "காணல்ல" என்பாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அஞ்சல்காரன் கனத்த உறை ஒன்றைக் கொடுத்தான். உள்ளே நூலால் தைத்த தாள்கள், நெருக்கிய கையெழுத்து. மேலே ஒரு கடிதம்.

"அக்கா, நான் உமை. எனக்கு அம்மை வரவில்லை. பதினாலு நாள் என்னை அறையில் அடைத்து வைத்தார்கள். பயத்தில் தூக்கம் வராது; வாசித்ததை எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் இந்த மூன்றாம் பாகம். கடைசித் தாளுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். என் மகள் இப்போது எழுத்துக் கூட்டுகிறாள். சனிக்கிழமைக்குள் நாலாம் பாகம் வந்தாக வேண்டும்."