யாக்கோப்பு முடிய விடாத பாட்டு

கல்லடியிலிருந்து பாலம் தாண்டி நகரத்திலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக, காலை நெரிசலில் ஓட்டோவுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். நான்கு வருடமாக அந்த இருபது நிமிடமும் எனக்கு ஒரே பாட்டுத்தான். ஓட்டோக்காரர் யாக்கோப்பிடம் வேறு பாட்டே கிடையாது. இரவில் கடலுக்குப் போனவர்களுக்கு விளக்குக் காட்டும்படி மாதாவைக் கேட்கிற பாட்டு. ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, இருபது பிள்ளைகளின் குரல். முதல் பாடவேளைக்கு என்ன படிப்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போகிறவளுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று அவருக்கு யார் சொல்வது?

பாட்டைப் போடுவதோடு விட்டாலும் பரவாயில்லை, அபிப்பிராயமும் கேட்பார். வழியில் என்னோடு ஏறியவர் யாராக இருந்தாலும் சரி, "பாட்டு எப்பிடி இரிக்கி?" என்பார்.

காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் நௌஷாட், "நான் பாட்டுக் கேக்கிறல்ல அண்ணன். ஆனா இதில கூச்சல் இல்ல, மனசுக்கு அமைதியா இரிக்கி" என்றார். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஆண்டவரைத் துதிக்கிற பாட்டு இப்படிச் சோர்ந்து கிடக்கலாமா என்று இறங்கும் வரைக்கும் பேசினார். யாக்கோப்பு போகும் வேதக்கோயிலிலேயே கிற்றார் வாசிக்கும் டிலுக்ஷனுக்கு டிரம்ஸ் இல்லாதது பெரிய குறை. "இத இப்ப ஆர் அங்கிள் கேப்பாங்க?" என்று முகத்துக்கு நேரே சொன்னான். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு யாக்கோப்பு இரண்டாவதாக ஒன்று கேட்பார். "வேற ஒண்டும் கேக்கல்லையா?"

அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் விளங்கியதில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பாட்டு முடியப் போகிற நேரம் கையை நீட்டி அதை முதலிலிருந்து போட்டுவிடுவார். நான்கு வருடத்தில் ஒருநாளாவது நான் அந்தப் பாட்டின் முடிவைக் கேட்டதில்லை.

போன சித்திரையில் ஒருநாள் எனக்குத் தலையிடி. வெயில் வேறு. அவர் வழக்கம்போல, "பாட்டு எப்பிடி டீச்சர்?" என்றார்.

"உண்மையச் சொல்லட்டா அண்ணன்? செத்த வீட்டுல குந்திக்கிட்டு இரிக்கிற மாதிரி இரிக்கி. உங்கட மாதாவுக்கு இத விட்டா வேற பாட்டு இல்லையா?"

வாய் எனக்கு அப்படி. நான் களுதாவளையில் பிறந்தவள். பிள்ளையார் கோயில் திருவிழாவில் மேளமும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த காது இது. அழுகிற பாட்டைச் சாமி எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். யாக்கோப்பு கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். பாலம் முழுக்க ஓட்டோவின் சத்தம் மட்டும்தான். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவருடைய மனைவி செசீலியா எங்கள் பள்ளிக்கூடக் கன்ரீனுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். அன்று இடைவேளையில் அவரைக் கண்டதும், "உங்கட மனிசனுக்கு வேற பாட்டு ஒண்டு வாங்கிக் குடுங்களன்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதில எங்கட மகள் பாடியிரிக்கா டீச்சர்."

பிறகு அவர் சொன்னது இது. பதின்மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய கோயில் பாடகர் குழு அந்தப் பாட்டைப் பதிவு செய்தது. அப்போது குழுவை நடத்தியவர் யாக்கோப்பு. மகள் றெபேக்காவுக்குப் பதினான்கு வயது. குழுவிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான். ஒருவர் தனியாகப் பாடும் இரண்டு வரி நியாயப்படி அவளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால், தலைவர் தன் பிள்ளையை முன்னுக்குத் தள்ளுகிறார் என்று ஒரு சனமும் சொல்லிவிடக் கூடாதே. அந்த வரிகளை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார். மகளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, மற்றவர்களின் குரலை மூடாமல் மெதுவாகப் பாடச் சொன்னார். எட்டு மாதத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டாள். அந்த நாளில் வீட்டில் இருந்தது ஒரு பட்டன் போன். அவளுடைய படங்கள் இருக்கின்றன. குரல் இருப்பது இந்தப் பாட்டில் மட்டும்தான். ஆனால் இருபது குரலுக்குள் அது எது என்று பெற்றவர்களுக்கே பிரித்தறிய முடியவில்லை.

"எனக்கு வீட்டில அந்தப் பாட்டக் கேக்க ஒண்ணாது. அதுதான் ஓட்டோவில போட்டுக்கொண்டு திரியிறார். ஏறுற ஆருக்காவது அவட குரல் கேக்கும் எண்டு நினைக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் செசீலியா வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஓட்டோவில் ஏறியதும் நான் ஒரு பொய் சொன்னேன். "பாட்டப் போடுங்க அண்ணன். அதில பின்னால ஒரு புள்ளட குரல் நல்லாக் கேக்குது."

அவர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. "எந்த இடத்தில டீச்சர்?"

முதலாவது அடியில் என்றேன், இல்லை, இரண்டாவதில் என்றேன். அவர் மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செசீலியா சொல்லியிரிக்கா போல" என்றார். "பரவாயில்ல டீச்சர்."

முதலில் சொன்னதை விட இந்தப் பொய்தான் அவரை அதிகம் நோகடித்தது. அது எனக்குத் தெரியும்.

மார்கழி மழையில் ஒருநாள் ஓட்டோ வந்தபோது உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தார். றமீஸா என்று பெயர், காத்தான்குடியில் தையல் வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். கண்ணாடி துடைக்கிற வைப்பர் பழுது. யாக்கோப்பு ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் துணியை வைத்துத் துடைத்தபடி வந்தார். கை ஒழியவில்லை. பாட்டு முதன்முறையாக முடிவு வரைக்கும் ஓடியது.

கேள்வி கேட்கும் மனநிலையில் அவர் இல்லை. றமீஸாதான் தானாகச் சொன்னார்.

"பாட்டப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா அண்ணன். ஆனா கடைசியில எல்லாரும் முடிச்சாப் புறகு ஒரு புள்ளட குரல் மட்டும் நிண்டு வருதே, அந்த இடந்தான் நல்லாரிக்கி. என்ன, சட்டெண்டு அறுந்து போகுது. ஆரோ அந்தப் புள்ளயப் பாதியில நிப்பாட்டிட்டாங்க போல. இன்னும் கொஞ்சம் பாட உட்டிருக்கலாமே."

பாலத்துக்கு ஏறும் இடத்தில் யாக்கோப்பு ஓட்டோவை ஓரங்கட்டினார்.

"நான்தான் தங்கச்சி நிப்பாட்டினன்" என்றார்.

எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மழைக் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "அது என்ட மகள். இப்ப இல்ல. கடைசிச் சொல்ல எல்லாரும் விட்டாப் பிறகும் அவ விடல்ல. கைய உசத்தி முறைச்சன். சட்டெண்டு வாய மூடிட்டா. வீட்டுக்கு வந்தும் ஏசினன், இருபது பேர்ட பாட்டையும் பழுதாக்கிப்போட்டாய் எண்டு. அதுக்குப் பிறகு அவ பாடவே இல்ல. அந்த இடத்தில அவட குரல் இரிக்கெண்டு எனக்குத் தெரியும். அதத்தான் கேக்க ஒண்ணாமக் கிடக்கு. பாட்டுல வேற எங்கயாவது, நான் ஏசாத ஒரு இடத்தில, அவ கேக்க மாட்டாளா எண்டு தேடினன்."

"யா அல்லாஹ், நான் தெரியாமச் சொல்லிப்போட்டன் அண்ணன்" என்று றமீஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நீங்க ஒருத்தர்தான் அது நல்லாரிக்கெண்டு சொன்னது" என்றார் அவர். பிறகு வண்டியை எடுத்தார்.

இப்போது அவர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை, பாட்டை முடியுமுன் திருப்பிப் போடுவதுமில்லை. எனக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் பிடிக்காது, பொய் சொல்லி ஒருதரம் பட்டது போதும். ஆனால் முடிவு வரும்போது காது தானாக அங்கே போய்விடுகிறது. "அம்மா" என்று எல்லாரும் முடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மட்டும் ஒரு அரை மூச்சு. அந்த இடத்தில் யாக்கோப்பு அண்ணன் ஓட்டோவின் ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். குரல் அறுந்த பிறகுதான் பிடியைத் தளர்த்துகிறார்.